சாளையிலிருந்து மனைப்பிரிவு வரை: சொந்த வீட்டில் தொழில் செய்யும் உரிமை பற்றி

நாஞ்சில் நாட்டைப் பற்றி எழுத உட்காருகிறவர்களுக்கு வயல் கிடைக்கிறது, குளம் கிடைக்கிறது, சுசீந்திரம் கோபுரம் கிடைக்கிறது. அந்த வயலில் குனிந்து நின்றவர்கள் அந்தி சாய்ந்த பிறகு எங்கே போய்ப் படுத்தார்கள் என்பது மட்டும் யாருக்கும் கிடைப்பதில்லை. ராஜாவின் வரலாறு உண்டு, கோயிலின் வரலாறு உண்டு, நிலத்தின் வரலாறும் கொஞ்சம் உண்டு. வீட்டின் வரலாறு இல்லை. குறிப்பாக நம்முடைய வீட்டின் வரலாறு இல்லை. ஒரு வீட்டுக்குள் யார் என்ன வேலை செய்யலாம், அந்த வேலையின் பலன் யாருக்குப் போகும், அதைத் தீர்மானிக்கிற அதிகாரம் யாருக்கு என்ற கேள்விகளை வைத்துக்கொண்டு பின்னோக்கிப் போனால் நம்முடைய வரலாறு வேறொரு கோணத்தில் தெரிகிறது.

இந்தக் கேள்வி இப்போது எனக்கு ஏன் வந்தது என்பதைப் பிறகு சொல்கிறேன். முதலில் பழைய கதை.

சாமுவேல் மட்டீர் என்ற லண்டன் மிஷன் பாதிரியார் 1871-ல் திருவிதாங்கூர் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். அடிமைச் சாதியார் மேல்சாதியாரிடம் எப்படிப் பேச வேண்டியிருந்தது என்பதை அதில் பதிவு செய்திருக்கிறார். 'நான்' என்று சொல்லக்கூடாது, 'அடியேன்' என்றுதான் சொல்ல வேண்டும். தான் சாப்பிடுவதைச் சோறு என்று சொல்லக்கூடாது, கரிக்காடி என்று சொல்ல வேண்டும். தான் இருக்கிற இடத்தை வீடு என்று சொல்லக்கூடாது, குடிசை என்று பொருள்படும் சொல்லால்தான் சொல்ல வேண்டும். இதை வெறும் பேச்சு மரியாதை என்று யாரும் கடந்துபோய்விட முடியாது. வீடு என்ற சொல்லையே ஒருவனுக்கு மறுத்துவிட்டால், அந்த வீட்டுக்குள் நடப்பது எதுவும் அவனுடையது இல்லை என்று ஆகிவிடுகிறது. சொல்லைப் பிடுங்குவது சொத்தைப் பிடுங்குவதின் முதல் படி.

1836-ஆம் ஆண்டு திருவிதாங்கூரில் எடுத்த கணக்கில் 12,80,668 பேரில் 1,64,864 பேர் அடிமைகள். எட்டுப் பேருக்கு ஒருவர். இவர்களை விற்கலாம், ஒற்றி வைக்கலாம், பாட்டத்துக்கு விடலாம். நிலத்துக்கு என்னென்ன பத்திரம் உண்டோ அத்தனையும் மனுசனுக்கும் உண்டு. அழகியபாண்டியபுரம் பெரியவீட்டு முதலியார் குடும்பத்து ஓலைகளை அ.கா. பெருமாள் பதிப்பித்திருக்கிறார். நாஞ்சில் நாட்டில் ஆள் விற்றதற்கும் ஓலை உண்டு என்று அதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அப்படி விற்கப்பட்டவன் தன் சாளைத் திண்ணையில் உட்கார்ந்து ஒரு கூடை பின்னினால் அந்தக் கூடை யாருடையது? பின்னிய கையே இன்னொருத்தனுக்குச் சொந்தம் என்னும்போது கூடையைப் பற்றிக் கேட்க என்ன இருக்கிறது?

1812-ல் திருவிதாங்கூர் அரசு அடிமை வாணிபத்தைத் தடை செய்தது என்று பாடப் புத்தகங்களில் பெருமையாகப் போடுகிறார்கள். அதில் ஒரு விலக்கு இருந்ததைச் சொல்ல மறந்துவிடுகிறார்கள். நிலத்தோடு கட்டப்பட்ட பயிர்த்தொழில் அடிமைகளுக்கு அந்தத் தடை பொருந்தாது. யார் பெருந்தொகையாக அடிமைகளாக இருந்தார்களோ அவர்களை விட்டுவிட்டு வந்த சட்டம் அது. 1853-ல் ஒரு பிரகடனம், 1855-ல் இன்னொன்று. இந்த இரண்டாவதுதான் சர்க்கார் அடிமைகளை முழுவதும் விடுவித்தது. தனியார் ஒருவரை அடிமை என்று சொல்லிக் கோர்ட்டில் உரிமை கேட்கவும் முடியாது என்றது. ஆக, 'என் உழைப்பு என்னுடையது' என்று சட்டப்படி சொல்ல இந்த மண்ணில் நமக்கு 1855 வரை ஆனது.

இந்த இடைவெளிக்குள்தான் நாகர்கோவிலில் ஒரு காரியம் நடந்தது. 1819-ல் சார்லஸ் மால்ட் என்ற மிஷனரி நாகர்கோவிலுக்கு வந்தார். அவர் மனைவி மார்த்தா மால்ட் 1820-களின் தொடக்கத்தில் பெண்பிள்ளைகளைச் சேர்த்து எழுத்தோடு சேர்த்து லேஸ் பின்னவும் கற்றுக்கொடுத்தார். நம் ஊர்க் கிழவிகள் 'ரேந்தை' என்பார்களே, அதுதான். ஒரு திண்டு, அதன்மேல் மாதிரித்தாள், குண்டூசி, நூல் சுற்றிய கட்டைகள். இடம் அதிகம் வேண்டாம். சத்தம் கிடையாது. ஒரு திண்ணை போதும். அந்தப் பள்ளியில் படித்த பிள்ளைகளில் அடிமைப் பிள்ளைகளும் இருந்தார்கள். லேஸ் பின்னிச் சம்பாதித்த காசைச் சேர்த்து வைத்து, எஜமானுக்குக் கொடுத்து, தங்களைத் தாங்களே விலைக்கு வாங்கி விடுதலையான பெண்கள் அவர்களில் உண்டு. மிஷன் வரலாறுகள் இதைத் தங்கள் சாதனையாக எழுதிவைத்திருக்கின்றன. நான் இதை அந்தப் பெண்களின் சாதனையாக வாசிக்கிறேன். 1855 பிரகடனத்துக்கு முன்னமே, ராஜாவின் கையெழுத்துக்குக் காத்திருக்காமல், உட்கார்ந்த இடத்தில் பின்னிய நூலால் தன் உடம்பை மீட்டவள் ஒருத்தி இந்த ஊரில் இருந்திருக்கிறாள். வீட்டுத் தொழில் என்பதைப் 'பொழுதுபோக்காக நாலு காசு' என்று பேசுகிறவர்கள் இந்தப் பக்கத்தைப் படிக்க வேண்டும்.

ஆனால் கதையை அங்கேயே நிறுத்திக் கைதட்டவும் கூடாது. நூலும் மாதிரியும் மிஷன் கையில், விற்கிற வழியும் மிஷன் கையில். மிஷன் வளாகத்துக்குள் குடியிருந்தவர்களுக்கு ஒழுக்கம், உடை, நேரம் எல்லாவற்றுக்கும் விதி இருந்தது. எஜமானின் சாளையிலிருந்து வெளியே வந்தவர்கள் இன்னொரு விதிப்புத்தகத்துக்குள் நுழைந்தார்கள். முதல் விதியைவிட இரண்டாவது விதி எவ்வளவோ மேல். அதற்காக அதை விதி இல்லை என்று சொல்ல முடியாது.

விதிகளைப் பற்றிப் பேசும்போது 1930-ஐயும் சொல்ல வேண்டும். ராமநாதபுரம் பக்கத்தில் அந்த வருஷம் டிசம்பரில் ஆதிக்க சாதியார் கூடி ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் விதித்தார்கள். பொன், வெள்ளி நகை போடக்கூடாது, முழங்காலுக்குக் கீழே வேட்டி இறங்கக்கூடாது, மண்பாத்திரம் தவிர வேறு புழங்கக்கூடாது என்று போகிறது பட்டியல். மீறியவர்களின் குடிசைகள் எரிந்தன. 1931 ஜூனில் தடைகள் பதினொன்று ஆயின. இரண்டாவது பட்டியலில்தான் விஷயம் வெளியே வந்தது. ஆதிதிராவிடர் சொந்தமாகப் பயிர் வைக்கக்கூடாது, நிலத்தை மிராசுதாரருக்கு விற்றுவிட வேண்டும், அவர்கள் சொல்கிற கூலிக்கு வேலைக்கு வர வேண்டும். ஹட்டன் இதைத் தன் புத்தகத்தில் பதிந்திருக்கிறார். முதல் பட்டியலில் இருந்தது நகையும் வேட்டியும். இரண்டாவது பட்டியலில் இருந்தது பிழைப்பு. ஊர்க் கட்டுமானம் எப்போதும் 'ஒழுங்கு' என்ற பெயரில் தொடங்கும். நம்முடைய சொந்தப் பிழைப்பை அழித்து நம்மைக் கூலியாக்குவதில் முடியும்.

இனி, நான் ஏன் இதையெல்லாம் தேடப் போனேன் என்பது.

தோவாளை, அகஸ்தீஸ்வரம் இரண்டு தாலுகாவிலும் வயல்கள் மனைகளாகி வருவதை எல்லோரும் பார்க்கிறோம். 2019-ல் நாகர்கோவில் மாநகராட்சியானது. அதற்கு முன்னும் பின்னும் ஊர் வெளியே பிதுங்கிக்கொண்டே போகிறது. நம்மில் படித்து வேலைக்குப் போனவர்கள், வெளிநாட்டுக்குப் போனவர்கள் காலனியை விட்டு வெளியே இந்த மனைப்பிரிவுகளில் நாலு சென்ட், அஞ்சு சென்ட் வாங்கி வீடு வைக்கிறார்கள். என் அக்கா மகளும் அவள் புருசனும் அப்படி ஒரு வீடு கட்டினார்கள். பெயரும் ஊரும் வேண்டாம். அவள் முன்னறையில் இரண்டு தையல் மிஷின் போட்டு, பிளவுஸ், சுடிதார், பள்ளிக்கூட யூனிபார்ம் தைத்தாள். எட்டு மாதம் கழித்து அந்த நகர் நலச்சங்கத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. 'குடியிருப்பு உபயோகத்திற்கு மட்டும்' என்ற விதியை மீறி வியாபாரம் நடக்கிறது, பதினைந்து நாளில் நிறுத்த வேண்டும் என்று.

அதே தெருவில் ஒரு ஆடிட்டரின் அலுவலகம் வீட்டோடு இருக்கிறது. ஒரு டாக்டர் சாயங்காலம் நோயாளி பார்க்கிறார். ஒரு வீட்டு மாடியில் முப்பது பிள்ளைகளுக்கு டியூஷன். அவர்களுக்கெல்லாம் கடிதம் போகவில்லை. கேட்டதற்குச் செயலாளர் சொன்ன பதில்: "அதெல்லாம் பிரபஷன் சார். இது கடை. நாளைக்கு யாரு யாரெல்லாமோ தெருவுக்குள்ள வந்து போவாங்க. நம்ம ஏரியாவுக்கு ஒரு டீசன்சி இருக்குல்லா."

யார் யாரெல்லாமோ என்றால் யார்? தைக்கக் கொடுக்க வந்தவர்கள் எங்கள் காலனிப் பெண்கள். என் அக்காவுக்கு இதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. "மிஷின் சத்தம் அவனுவளுக்குக் கேக்கல மக்கா, நம்ம ஆளுவ செருப்புச் சத்தம்தான் கேக்குது" என்றாள். பல ஆய்வுரைகள் பத்துப் பக்கத்தில் சொல்வதை ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டாள்.

'பிரபஷன்' வேறு, 'தொழில்' வேறு என்ற இந்தப் பாகுபாடு அந்தச் செயலாளர் மூளையில் உதித்தது அல்ல. தமிழ்நாட்டு மின்கட்டண ஆணைகளில் அது பல ஆண்டுகளாக இருந்து வந்திருக்கிறது. வீட்டோடு சேர்ந்த 200 சதுர அடிக்கு உட்பட்ட ஆலோசனை அறைக்கு வீட்டுக் கட்டணம் போதும். டாக்டர், வக்கீல், ஆடிட்டர் உட்காருகிற அறை அது. அதே அளவு அறையில் ஒருத்தி கடை வைத்தால் அது வீடு அல்ல, வணிகம். அறையின் அளவு ஒன்று, வந்து போகிற ஆட்களும் ஒன்று. உட்கார்ந்திருக்கிறவருடைய படிப்பு வேறு, அந்தப் படிப்பு யாருக்குத் தலைமுறை தலைமுறையாகக் கிடைத்தது என்பதும் வேறு. ஆனால் அதே ஆணைகளில் நெசவாளர் வீட்டில் ஓடும் கைத்தறியும் வீட்டுக் கட்டணத்துக்குள் வருகிறது. இதை நாம் குறித்துக்கொள்ள வேண்டும். தறி ஓடினாலும் அது வீடுதான் என்று சட்டத்தால் பார்க்க முடிந்திருக்கிறது. ஒரு தறியை வீடாகப் பார்க்கத் தெரிந்த சட்டத்துக்கு ஒரு தையல் மிஷினையும் அப்படிப் பார்க்கச் சொல்லிக்கொடுக்கலாம்.

இது நம் ஊரில் மட்டும் நடப்பதல்ல. அமெரிக்காவில் சான்பிரான்சிஸ்கோ நகரத்தில் 1880-ல் ஒரு விதி போட்டார்கள். மரக் கட்டடத்தில் சலவைக்கூடம் நடத்த நகரசபையின் அனுமதி வேண்டும். காரணம், தீப்பிடிக்கும் என்ற பயம். கேட்டால் நியாயமாகத்தான் இருக்கும். அந்த ஊரில் சுமார் 320 சலவைக்கூடங்கள், அவற்றில் 310 மரக் கட்டடங்கள், சுமார் 240 சீனர்களுடையவை. பல பேருக்குக் கடையே வீடு, வீடே கடை. அனுமதி கேட்ட சுமார் 200 சீனர்களில் ஒருவருக்கும் கிடைக்கவில்லை. சீனர் அல்லாத ஏறத்தாழ 80 பேரில் ஒருவரைத் தவிர எல்லோருக்கும் கிடைத்தது. 1886-ல் யிக் வோ வழக்கில் அமெரிக்க உச்சநீதிமன்றம் சொன்னதன் சாரம் இதுதான்: எழுத்தில் சட்டம் எல்லோருக்கும் பொதுவாக இருக்கலாம், அதைக் கெட்ட கண்ணோடும் ஓரவஞ்சனைக் கையோடும் அமல்படுத்தினால் அது சமத்துவ மறுப்பு. 'டீசன்சி' என்கிற விதியையும் நாம் இந்த அளவுகோலில்தான் வைத்துப் பார்க்க வேண்டும். விதியில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்பதோடு நிற்கக் கூடாது. கடிதம் யார் வீட்டுக்குப் போனது, யார் வீட்டுக்குப் போகவில்லை என்று கேட்க வேண்டும்.

அதே நாட்டில் வீட்டுக்காரர் சங்கங்கள் கறுப்பர்களுக்கு வீடு விற்கக்கூடாது என்று பத்திரத்திலேயே எழுதி வைத்திருந்த காலமும் இருந்தது. 1948-ல் ஷெல்லி வழக்கில், அப்படிப்பட்ட நிபந்தனையை நீதிமன்றங்கள் அமல்படுத்த முடியாது என்று தீர்ப்பு வந்தது. நம் நாட்டில் என்ன நடந்தது? 2005-ல் அகமதாபாத்தின் பார்சி வீட்டுக் கூட்டுறவுச் சங்க வழக்கில், பார்சிகள் மட்டுமே உறுப்பினராகலாம் என்ற துணைவிதி செல்லும் என்று நம்முடைய உச்சநீதிமன்றம் சொல்லிவிட்டது. சங்கம் அமைக்கும் உரிமை, உறுப்பினர்கள் தாங்களே ஏற்றுக்கொண்ட ஒப்பந்தம் என்பது வாதம். பார்சிகள் சிறுபான்மையினர், அவர்கள் கவலை வேறு என்று சொல்லலாம். ஆனால் அந்தத் தர்க்கத்தின் வாசலில் நாளைக்கு எந்தெந்த ஆதிக்க சாதிச் சங்கம் வந்து நிற்கும் என்பதை யோசிக்காமல் இருக்க முடியாது. அக்கிரகாரத்துக்கும் ரதவீதிக்கும் அப்போது துணைவிதி தேவைப்படவில்லை. வழக்கம் போதும். இப்போது வழக்கத்தைச் சொன்னால் சிறைக்குப் போக வேண்டிவரும் என்பதால் துணைவிதி தேவைப்படுகிறது.

எதிர்த் தரப்பிலும் ஒரு நியாயம் இருக்கிறது, அதை மறைக்க வேண்டாம். பக்கத்து வீட்டில் ராத்திரி பன்னிரண்டு மணிக்கு மரம் அறுத்தால் நமக்கும் தூக்கம் வராது. ஆசிட்டும் பெயின்டும் ஓடையில் கலந்தால் நம் பிள்ளைக்கும்தான் கேடு. அதற்கு அளவு இருக்கிறது. சத்தத்துக்கு நேரம் சொல்லலாம், கழிவுக்கு வழி சொல்லலாம், ஆபத்தான தொழிலுக்கு உள்ளாட்சி உரிமம் கேட்கலாம். அந்த அளவு எல்லோருக்கும் ஒரே அளவாக இருக்க வேண்டும் என்பதுதான் நம் கோரிக்கை. டாக்டர் வீட்டு வாசலில் நிற்கும் பத்து பைக் தொந்தரவு இல்லை, தையல்காரி வீட்டு வாசலில் நிற்கும் நாலு பெண்கள் தொந்தரவு என்றால் அங்கே அளக்கப்படுவது சத்தம் அல்ல.

நம் தரப்பிலும் ஒரு எச்சரிக்கை வேண்டும். வீட்டில் தொழில் என்றாலே விடுதலை என்று நினைத்துவிடக் கூடாது. கல்குளம், விளவங்கோடு பக்கம் முந்திரி ஆலைகளில் வேலை செய்த பெண்களைக் கேளுங்கள். கொட்டையின் எண்ணெய் பட்டு வெந்துபோன விரல்களைக் காட்டுவார்கள். கொல்லம் தொடங்கி இந்தப் பக்கம் முழுவதும் 'குடிவறுப்பு' என்ற ஒரு ஏற்பாடு அறியப்பட்டது. ஆலையில் வேலை கொடுத்தால் குறைந்தபட்சக் கூலி, பி.எஃப்., போனஸ் எல்லாம் கொடுக்க வேண்டும். கொட்டையை வீட்டுக்கே கொடுத்தனுப்பி வறுத்து உடைத்து வாங்கிக்கொண்டால் ஒன்றும் கொடுக்க வேண்டாம். பீடியிலும் இதே கதைதான். 1996-ல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு வீட்டுவேலைத் தொழிலாளர்களுக்காக 177-ஆம் உடன்படிக்கையைக் கொண்டுவந்தது. இந்தியா அதை ஏற்றுக் கையெழுத்திடவில்லை. ஆகவே இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும். என் வீட்டில் என் மிஷினில் என் விலைக்கு நான் தைப்பது ஒன்று. முதலாளி தன் ஆலையின் சுவரை இடித்து என் அடுக்களைக்குள் கொண்டுவந்து வைப்பது வேறொன்று. முன்னதற்கு உரிமை வேண்டும், பின்னதற்குச் சட்டப் பாதுகாப்பு வேண்டும்.

ஆக, கடிதம் வந்தால் என்ன செய்வது? அக்கா மகளுக்காகத் தேடியபோது தெரிந்துகொண்டவற்றை, மற்றவர்களுக்கும் உதவும் என்பதால், எழுதுகிறேன்.

தனித்தனிப் பட்டாவுள்ள மனைப்பிரிவும் அடுக்குமாடிக் குடியிருப்பும் ஒன்றல்ல. அடுக்குமாடியில் முன்பு 1994-ஆம் ஆண்டுச் சட்டம் துணைவிதிகளுக்குப் பலம் கொடுத்தது, அதற்குப் பதிலாக 2022-ல் இயற்றிய சட்டமும் பலம் கொடுக்கிறது. அங்கே துணைவிதியைப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் வாங்க வேண்டும். மனைப்பிரிவில் இருக்கும் நலச்சங்கம் பெரும்பாலும் 1975-ஆம் ஆண்டுச் சங்கங்கள் பதிவுச் சட்டத்தில் பதிவான ஒரு சங்கம், அவ்வளவுதான். அதன் விதி அதன் உறுப்பினரைத்தான் கட்டும். அது ஊராட்சி அல்ல, கோர்ட்டும் அல்ல. அங்கீகரிக்கப்பட்ட மனைப்பிரிவின் சாலைகள் தானப் பத்திரம் மூலம் உள்ளாட்சிக்குக் கொடுக்கப்பட்டவை. தெரு சங்கத்துக்குச் சொந்தமில்லை. யார் வரலாம், யார் போகலாம் என்று சொல்ல அதற்கு அதிகாரம் கிடையாது. கிரயப் பத்திரத்தில் 'குடியிருக்க மட்டும்' என்று எழுதியிருந்தாலும் பயப்பட வேண்டாம். 1882-ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 11-ஆம் பிரிவு, முழுக் கிரயம் வாங்கியவன் சொத்தை இப்படித்தான் அனுபவிக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பொதுவாகச் செல்லாததாக்குகிறது. விற்றவருக்குப் பக்கத்தில் வேறு சொத்து இருந்து, அதன் நலனுக்காகப் போட்ட நிபந்தனை மட்டும் விலக்கு. ஒரு வக்கீலிடம் பத்திரத்தைக் காட்டுங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது ஒன்று. 1955-ஆம் ஆண்டின் தீண்டாமைக் குற்றச் சட்டம், பிறகு குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர் மாறியது. அதன் 4-ஆம் பிரிவு, தீண்டாமையின் பேரில் ஒருவர் எந்தத் தொழிலையும் வியாபாரத்தையும் செய்வதைத் தடுப்பதையும், எந்தப் பகுதியிலும் வீடு கட்டிக் குடியிருப்பதைத் தடுப்பதையும் குற்றமாக்குகிறது. வீடும் தொழிலும் ஒரே பிரிவில் வருகின்றன. இரண்டும் ஒரே பூட்டால் பூட்டப்பட்டவை என்பது அந்தச் சட்டத்தை எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம், தொழில் செய்வதைத் தடுப்பதையும் பொருளாதாரப் புறக்கணிப்பையும் வன்கொடுமைகளின் பட்டியலில் சேர்த்தது.

சாட்சியம்தான் கஷ்டம். யாரும் சாதியைச் சொல்லிக் கடிதம் எழுத மாட்டார்கள். எனவே வாய்ப்பேச்சுக்குப் பதில் சொல்லாதீர்கள், எழுத்தில் கேளுங்கள். எந்த விதி, எந்தத் தேதியில், எந்தக் கூட்டத்தில் நிறைவேறியது என்று கேளுங்கள். அதே தெருவில் வீட்டோடு நடக்கும் மற்றத் தொழில்களின் பட்டியலைத் தயார் செய்து, அவர்களுக்கும் இதே கடிதம் போனதா என்று கேளுங்கள். அக்கா மகள் இதைத்தான் செய்தாள். பட்டியலோடு பதில் எழுதி ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பினாள். அதற்கு இதுவரை பதில் இல்லை. பதினைந்து நாள் கெடு முடிந்து எத்தனையோ பதினைந்து நாள் ஆயிற்று. தெருவில் இரண்டு பேர் அவளோடு பேசுவதை நிறுத்திவிட்டார்கள். மூன்று பேர் புதிதாகத் தைக்கக் கொடுத்திருக்கிறார்கள்.

திண்டை மடியில் வைத்து லேஸ் பின்னிய அந்தப் பெண்களின் பெயர்கள் நம்மிடம் இல்லை. அவர்கள் தங்களுக்காக எஜமானுக்குக் கொடுத்த விலையும் தெரியாது. ஆனால் இன்று மனைப்பிரிவுகளிலும் காலனிகளிலும் மாவரைத்தும், தைத்தும், பூக்கட்டியும் பிழைக்கிற நம் பெண்களின் பெயர்களும், அவர்களுக்கு வருகிற கடிதங்களும் நம்மிடம் இருக்கின்றன. அவற்றைச் சேகரித்துத் தேதி போட்டு வைப்போம். நம் வீட்டின் வரலாற்றை எழுத அவை வேண்டும்.